காரம் வேறு, காரணம் வேறு

உண்ட உணவைக் கரைத்து உடலிற் சேர்ப்பதற்கு உதவும் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே சமிபாட்டுத் தொகுதி என்று அழைப்பர். தமிழகத்துப் பாடநூல்கள் இதனைச் செரிமான மண்டலம் என்று குறிப்பிடும். பெயர் எதுவாயினும், அதிலே தோன்றும் நோய்களைப் பற்றி எம்மவர் வீடுகளில் நடைபெறும் உரையாடல் பெரும்பாலும் ஒரே வகையாகவே இருக்கக் காணலாம். வயிறு எரிந்தால் உறைப்பைக் குறை என்பர். நெஞ்சு குத்தினால் வாய்வு என்பர். மலத்துடன் இரத்தம் போனால் உடற்சூடு என்பர். இவை யாவும் நோய்க்குக் காரணம் கூறும் முயற்சிகளே. காரணத்தை ஆராய்ந்து அறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது எமக்குப் புதிய கருத்தன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அதனை வலியுறுத்தியுள்ளார். ஆயினும் ஆராயாமலே காரணத்தைக் கண்டுவிட்டதாக எண்ணும்போதுதான் தீங்கு விளைகின்றது.

சமிபாட்டுத் தொகுதியின் நோய்கள் அனைத்தையும் இங்கே விரித்துரைக்க இடம் போதாது. ஆகவே குடற்புண் என்னும் ஒரு நோயைச் சற்று விரிவாக எடுத்துக்கொண்டு, ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். குடற்புண்ணின் உண்மைக் காரணம் கண்டறியப்பட்டது நாம் குடியேறி வாழும் இந்த அவுஸ்திரேலிய நாட்டிலேயே ஆகும். எமது மாணவச் செல்வங்கள் அவ்வரலாற்றைத் தமிழிலும் அறிந்திருத்தல் நன்று.

உணவு செல்லும் பாதை

வாயில் மென்று உமிழ்நீருடன் கலந்த உணவு, களம் எனப்படும் குழாய் வழியாக இரைப்பையை அடைகின்றது. அங்கிருந்து சிறுகுடலுக்குச் செல்கின்றது. சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு முன்சிறுகுடல் என்று பெயர். வளர்ந்தவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமானது. அதனைத் தொடர்ந்து வரும் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமானது. ஈரல், பித்தப்பை, சதையி ஆகியவை பக்கத்தில் நின்று துணைபுரிவன.

இரைப்பையின் சுவரிலிருந்து ஐதரோகுளோரிக் அமிலம் சுரக்கின்றது. பாடசாலை ஆய்வுகூடத்திற் கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து கையாளுகிறோமே, அதே அமிலந்தான். நாளொன்றுக்குச் சுரக்கும் இரைப்பைச் சாறு ஏறத்தாழ 2 லீற்றர் எனலாம். அப்படியாயின், நாம் உண்ணும் இறைச்சியைக் கரைக்கும் அச்சாறு, இறைச்சி போன்ற தசையாலான இரைப்பையை ஏன் கரைத்துவிடுவதில்லை? இவ்வினாவை ஒரு மாணவர் தாமாகவே எழுப்புவாராயின் அவரை நாம் மனமாரப் பாராட்டுவோம். குடற்புண் பற்றிய பாடம் முழுவதும் இவ்வினாவுக்குள்ளே அடங்கியிருக்கின்றது.

இரைப்பையின் உட்சுவரைச் சீதப்படலம் ஒன்று போர்த்தியிருக்கின்றது. அமிலத்தை நடுநிலையாக்கும் இருகாபனேற்று என்னும் பொருளும் அப்படலத்தினுள்ளே சுரந்துகொண்டிருக்கும். சுவரின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை தோன்றுகின்றன. இக்காவல் எந்த இடத்திற் குலைகின்றதோ அந்த இடத்தை அமிலம் அரித்துப் புண்ணாக்கிவிடும். அப்புண் இரைப்பையிலும் வரலாம், முன்சிறுகுடலிலும் வரலாம். இரண்டையும் சேர்த்துப் பொதுவழக்கிற் குடற்புண் என்கிறோம். தமிழகத்தில் அல்சர் என்ற ஆங்கிலச் சொல்லே வீட்டுச் சொல்லாகிவிட்டது.

ஆகவே மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி, அமிலம் ஏன் இருக்கின்றது என்பதன்று. அமிலம் எல்லோரிடமும் இருக்கின்றது. காவலைக் குலைத்தது எது என்பதே கேள்வி.

நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்கேள்விக்கு மருத்துவ உலகம் அளித்த விடை, கவலையும் காரசாரமான உணவும் என்பதாகும். நோயாளியை ஓய்வெடுக்கச் சொல்லிப் பாலும் கஞ்சியும் கொடுத்தனர். அதற்கும் மாறாதவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியையோ அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பையோ வெட்டி நீக்கினர். 1976ஆம் ஆண்டில் சிமெற்றிடீன் என்னும் மருந்து இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பை அடக்கிய அம்மருந்தினாற் புண்கள் விரைந்து ஆறின. அதனை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். எனினும் குளிசையை நிறுத்திய சில மாதங்களிற் பலருக்குப் புண் திரும்பவும் தோன்றியது. பயிரை மேய்ந்த மாட்டைத் துரத்திவிட்டு வேலியிலுள்ள பொட்டை அடைக்காமல் விட்டது போன்ற மருத்துவம் அது.

கவலைக்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லை என்று நாம் கூறவில்லை. வட அமெரிக்காவில் 1822ஆம் ஆண்டில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் வயிற்றிலே துப்பாக்கிச் சூடு பட்டது. அவர் உயிர் பிழைத்தாரெனினும் காயம் முழுதாக மூடவில்லை. இரைப்பைக்குள் ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. வில்லியம் போமன்ற் என்ற படைமருத்துவர், உணவுத் துண்டுகளைப் பட்டுநூலிற் கட்டி அத்துவாரத்தின் வழியே உள்ளே விட்டு, அவை கரையும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1833இல் நூலாக வெளியிட்டார். சென் மார்ட்டின் கோபங்கொண்ட வேளைகளிற் சமிபாடு தடைப்பட்டதை அவர் கண்டு குறித்திருக்கின்றார். (இத்தகைய ஆராய்ச்சிக்கு ஆளாகிய ஒருவர் கோபங்கொண்டதில் வியப்பேதும் இல்லை.) பரீட்சை நாளன்று காலையிற் பிள்ளைக்கு வருகின்ற வயிற்றுநோவு பொய்ந்நோவன்று என்பதைப் பெற்றோர் இதனால் உணரலாம். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. ஆயினும் மனக்கலக்கம் நோவைத் தருவது வேறு, சுவரிலே புண்ணைத் தோற்றுவிப்பது வேறு.

பேர்த் நகரிற் கண்ட உண்மை

1979ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பேர்த் நகரிலுள்ள றோயல் பேர்த் வைத்தியசாலையில் நோய்க்கூற்றியல் மருத்துவராகப் பணியாற்றிய ரொபின் வொரன், ஒரு நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுணுக்குக்காட்டியில் நோக்கினார். அன்று அவருக்கு 42ஆவது பிறந்தநாள். சீதப்படலத்தின் அடியிலே வளைந்த வடிவுடைய பக்டீரியாக்கள் நெருங்கிக் கிடந்தன. இரைப்பையின் அமிலத்தில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழாது என்பது அக்காலத்துப் பாடம். ஆகவே அவர் கூறியதை உடன் பணியாற்றியோர் பெரிதாகக் கொள்ளவில்லை. வொரன் தாம் கண்டதை விட்டுவிடாது மேலும் மேலும் துணுக்குகளைத் தேடிப் பார்த்து வந்தார்.

1981இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் இணைந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தனர். முன்சிறுகுடலிற் புண் இருந்த 13 பேரிடமும் அப்பக்டீரியா இருக்கக் கண்டனர். ஆனால் அதனை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்ட முடியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோரின் மாதிரிகளை வளர்தட்டுகளில் இட்டும் எதுவும் முளைக்கவில்லை. இரண்டு நாட்கள் பார்த்துவிட்டுத் தட்டுகளை வீசிவிடுவது வழக்கமாயிருந்தது. 1982ஆம் ஆண்டு ஈஸ்ரர் விடுமுறை வந்தது. தட்டுகள் சில வெப்பப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. விடுமுறை கழிந்து பார்த்தபோது அவற்றிலே நுண்ணுயிர்த் திரள்கள் வளர்ந்திருந்தன. அந்த நுண்ணுயிர் மெதுவாக வளர்வது. இரண்டு நாட்கள் அதற்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று இன்னொன்றுடன் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் அது காரணமாகிவிடாது. புண் வந்த இடத்திலே பக்டீரியா பின்னர் வந்து குடியேறியிருக்கலாம் அல்லவா? இப்படித்தான் பலரும் மறுத்துரைத்தனர். விலங்குகளுக்கு அதனைத் தொற்றச் செய்யும் முயற்சியும் கைகூடவில்லை. 1984ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மார்ஷல், தமது இரைப்பையிற் பழுதேதும் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்துகொண்டு, வளர்த்த பக்டீரியாக்கள் கலந்த நீரைத் தாமே குடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 32. மனைவிக்கும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. சில நாட்களில் வாந்தி தொடங்கியது. வாயில் துர்நாற்றம் வீசியது. மீண்டும் சோதித்தபோது அவரது இரைப்பை அழற்சியுற்றுச் சிவந்திருந்தது. அங்கே அதே பக்டீரியாவும் இருந்தது. அவருக்குப் புண் உண்டாகவில்லை என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். புண்ணுக்கு முந்திய நிலையாகிய அழற்சியை அந்த நுண்ணுயிர் தோற்றுவிக்கும் என்பதையே அச்சோதனை மெய்ப்பித்தது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகளால் அதனை அழித்தபின் புண் திரும்புவது அரிது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் நிறுவின. இருவருக்கும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வொரன் 2024இல் காலமானார்.

அந்த நுண்ணுயிர்க்கு 1989இல் இடப்பட்ட பெயர் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்பதாகும். அமிலக் கடலில் அது எவ்வாறு பிழைக்கின்றது?

இருவகைக் காரம்

இங்கேதான் எமது தமிழ்ச் சொல் ஒன்று துணைக்கு வருகின்றது. காரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. நாக்கில் உறைக்கும் சுவை ஒன்று. விஞ்ஞான பாடத்தில் அமிலத்தை முறிக்கும் பொருளாகப் படிக்கும் காரம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உறவில்லை. ஹெலிக்கோபக்டர் பைலோரி, யூரியேஸ் என்னும் நொதியத்தைச் சுரந்து, உடலில் இயல்பாக உள்ள யூரியாவை அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும், அதாவது கரியமில வாயுவாகவும், மாற்றுகின்றது. அமோனியா ஒரு காரம். அது தன்னைச் சூழவுள்ள அமிலத்தை முறித்து நுண்ணுயிர்க்கு ஒரு காப்புறை போல அமைகின்றது. குடற்புண்ணுக்குப் பின்னால் ஒரு காரம் இருப்பது உண்மையே; அது மிளகாயின் காரமன்று.

இந்தத் தந்திரமே அதனைக் காட்டியும் கொடுக்கின்றது. அடையாளமிட்ட காபன் அணுவைக் கொண்ட யூரியாவை நோயாளிக்குக் கொடுத்து, சிறிது நேரத்தின்பின் அவரது மூச்சுக் காற்றைச் சேகரிப்பர். அக்காற்றிலே அடையாளமிட்ட காபன் வெளிப்படுமாயின், யூரியாவைப் பிளக்கும் உயிர் உள்ளே வாழ்கின்றது என்பது தெளிவு. ஊசியில்லை, நோவில்லை. மலப் பரிசோதனை மூலமும் அறியலாம். அமிலத்தைக் குறைக்கும் குளிசைகளும் நுண்ணுயிர்கொல்லிகளும் முடிவைப் பிழையாக்கக்கூடும். ஆதலால் முன்னவற்றை ஏறத்தாழ 2 வாரங்களுக்கு முன்னும் பின்னவற்றை 4 வாரங்களுக்கு முன்னும் நிறுத்தும்படி கூறுவர். நிறுத்துவதை வைத்தியருடன் பேசியே செய்தல் வேண்டும்.

மிளகாயின் மீதுள்ள வழக்கையும் முடித்துவிடுவோம். மிளகாய் எமது பழம்பொருளன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசர் வழியாக வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. ஈழத்தின் சில பகுதிகளில் அதனைக் கொச்சிக்காய் என்பர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டேவிட் கிரகம் என்ற ஆய்வாளர் 12 பேருக்குக் காரமான உணவையும் பின்னர் வேறொரு நாளிற் காரமற்ற உணவுடன் அஸ்பிரினையும் கொடுத்து, உட்காட்டி மூலம் இரைப்பையைப் பார்த்தார். காரமான உணவு குறிப்பிடத்தக்க கேடு எதையும் செய்யவில்லை. அஸ்பிரின் இரைப்பைச் சுவரை அரித்திருந்தது. இவ்வாய்வு 1988இல் வெளியானது. சிங்கப்பூரில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில், குடற்புண் உடைய 103 சீனரையும் அது இல்லாத 87 பேரையும் ஒப்பிட்டபோது, புண் இல்லாதோரே மிளகாயைக் கூடுதலாக உண்பவராக இருந்தனர். அதற்காக மிளகாயை மருந்தென்று கொள்ளலாகாது. ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிவோ உள்ளவருக்கு உறைப்பு எரிவை மிகுவிக்கும் என்பது உண்மை. எரிய வைப்பது தூண்டி, புண்ணாக்கியது காரணம். தூண்டியை விலக்கினால் நோவு தணியும், காரணம் உள்ளேயே இருக்கும். அம்மா உறைப்பில்லாத சொதியும் இடியப்பமும் ஆண்டுக்கணக்கிலே உண்டு வந்தும் வயிற்றெரிவு மாறவில்லை என்று கவலைப்படும் குடும்பங்கள், பத்தியத்தை இன்னும் இறுக்குவதை விட்டு மூச்சுப் பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் கேட்பதே முறை.

வீட்டு அலுமாரியில் இருக்கும் காரணம்

குடற்புண்ணின் இரண்டாவது பெருங்காரணம் எமது வீட்டு மருந்து அலுமாரியிலேயே இருக்கின்றது. அஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்குளோபெனக், நப்ரொக்சின் போன்ற நோவுக் குளிசைகளையே குறிப்பிடுகின்றோம். புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதை இவை தடுக்கின்றன என்று ஜோன் வேன் என்பவர் 1971இற் கண்டறிந்தார். முழங்காலிலே நோவையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அப்பொருள். இரைப்பையிலோ சீதப்படலத்தையும் இருகாபனேற்றையும் சுரக்கச் செய்வதும் அதே பொருள். முழங்காலுக்காக விழுங்கும் குளிசை இரைப்பையின் காவலையும் கலைத்துவிடுகின்றது. உணவுக்குப் பின் விழுங்கினாற் கேடில்லை என்று பலர் நம்புகின்றனர். வயிற்றுக் குமட்டல் குறையலாம். ஆனால் மருந்து இரத்தத்திற் கலந்தே இவ்வேலையைச் செய்வதால் புண் வரும் ஆபத்து அதனால் நீங்கிவிடாது.

65 வயதுக்கு மேற்பட்டோர், முன்னர் புண் வந்தோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போர், ஸ்ரீரொயிட் மருந்து எடுப்போர், புகைப்போர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஹெலிக்கோபக்டர் பைலோரியும் இக்குளிசைகளும் ஒருவரிடத்திற் சேருமாயின் புண்ணும் இரத்தப்போக்கும் ஏற்படும் வாய்ப்பு பன்மடங்காகின்றது. கடையில் மருந்துச் சீட்டின்றி வாங்கக்கூடியவை என்பதாலே இவை தீங்கற்றவை என்று எண்ணுதல் தவறு. ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், ஒருவர் இரண்டு பெட்டிகளிலிருந்து ஒரே பொருளை விழுங்குவதும் நிகழக்கூடும். பெட்டியிலே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் இயற்பெயரைப் பாட்டனுக்கும் பாட்டிக்கும் வாசித்துக் காட்டுவது எமது மாணவர்கள் செய்யக்கூடிய நல்ல பணியாகும். பரசிட்டமோல் இவ்வகையைச் சேர்ந்ததன்று. இதயநோய்க்காகச் சிறிய அளவில் அஸ்பிரின் எடுப்போர் இதனை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதனால் இதயத்துக்கு ஆபத்து நேரலாம்.

மலம் தார் போலக் கறுத்துப் போவதும், கோப்பித்தூள் நிறத்தில் வாந்தியெடுப்பதும் உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறிகள். இரும்புச்சத்துக் குளிசை எடுப்போருக்கும் மலம் கறுப்பது உண்டு. ஆனால் அக்குளிசை எடுக்காத ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்; விடியும்வரை பார்ப்போம் என்று இருத்தலாகாது.

தொற்று யாரிடம் உண்டு?

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஹெலிக்கோபக்டர் பைலோரி குடியிருப்பதாகக் கணிப்பர். பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லை. சிலருக்கே புண் வருகின்றது. அவர்களிலும் குறைந்த ஒரு சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருகின்றது; 1994இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்த நுண்ணுயிரை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலிற் சேர்த்தது. ஆகவே தொற்று என்பது காரணம். புகைத்தல், உப்பில் ஊறிய உணவு மிகுதி, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் வந்திருத்தல் ஆகியவை அக்காரணத்தோடு சேர்ந்து நோயை வரவழைக்கும் ஆபத்துக் காரணிகள். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்க.

பெரும்பாலும் சிறுபராயத்திலே, வீட்டுக்குள்ளேயே, வாய்வழியாக இது தொற்றுகின்றது. இட நெருக்கடி, தூய நீர் இன்மை, கழிப்பிட வசதிக் குறைவு ஆகியவை உள்ள இடங்களிற் பரவல் அதிகம். இந்தியாவின் பல பகுதிகளில் இது மிகுதியாகவும், அவுஸ்திரேலியாவிற் பிறந்தோரிடையே குறைவாகவும் காணப்படுகின்றது. புலம்பெயர்ந்து வந்த ஒருவர் கடவுச்சீட்டுடன் இதனையும் கொண்டுவந்திருக்கக் கூடும். சிகிச்சை பெறாவிடின் அது தானாக நீங்குவது அரிது. எச்சில் படுத்தாமல் அண்ணாந்து நீர் அருந்தும் எமது பழக்கத்தைக் கண்டு இங்கே பிறந்த பிள்ளைகள் நகைப்பதுண்டு. அப்பழக்கத்தில் அர்த்தம் இல்லாமலில்லை. அதே வேளை, தாய் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதனைக் கைவிடுதல் நன்று.

சிகிச்சை எளிது. அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்துடன் இரண்டு வகை நுண்ணுயிர்கொல்லிகளை ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குக் கொடுப்பர். நான்காம் நாளே சுகமாகிவிட்டது என்று நிறுத்துவோரிடத்தில் மருந்துக்கு மசியாத நுண்ணுயிர்கள் எஞ்சிவிடும். ஆகவே முழுவதையும் விழுங்கி, குறைந்தது 4 வாரங்களின்பின் மீண்டும் பரிசோதித்துத் தொற்று ஒழிந்ததா என்று உறுதிசெய்தல் வேண்டும்.

வாய்வு என்னும் சொல்

தமிழில் இவ்வளவு வேலை செய்யும் சொல் வேறொன்று உண்டோ என்பது எமது ஐயம். ஏப்பம், வயிற்றுப் பொருமல், முதுகுப் பிடிப்பு, நெஞ்சுக் குத்து எல்லாவற்றுக்கும் வாய்வு என்ற ஒரே விடையைச் சொல்லி, இஞ்சியும் உள்ளியும் கொடுத்து ஆறியிருப்பது எம்மவர் வழக்கம். இச்சொல்லுக்குள்ளே குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம்.

ஒன்று, அமிலம் மேலெழுதல். களமும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசை வளையம் தளரும்போது அமிலம் மேலே ஏறி நெஞ்செரிவைத் தருகின்றது. உடற்பருமன், கருப்பக் காலம், புகைத்தல், மது, பிந்திய வேளையில் வயிறு நிறைய உண்டு உடனே படுத்தல் ஆகியவை இதற்கு ஏதுவாகும். எமது விழாக்களில் இரவு 10 மணிக்கு மேல் விருந்து பரிமாறப்படுவதை (இவ்விழா உட்பட) இந்நோக்கில் யாராவது மீளாய்வு செய்தால் நல்லது.

இரண்டாவது, பித்தக்கல். வலப்பக்க மேல்வயிற்றிலே, கொழுப்பு மிகுந்த உணவின்பின் பிடித்து இழுக்கும் நோவு இது. பெண்களுக்கும், 40 வயதைக் கடந்தோருக்கும், பிள்ளை பெற்றோருக்கும், உடல் பருத்தோருக்கும், மிக விரைவில் எடையைக் குறைத்தோருக்கும் கூடுதலாக வரும்.

மூன்றாவதே அஞ்சத்தக்கது. நெஞ்சின் நடுவிலே அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை, மூச்சு முட்டல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாகும். தென்னாசிய வழிவந்தோருக்கு இதயநோய் ஏனையோரிலும் இளவயதிலேயே வருகின்றது. நீரிழிவு உள்ளோருக்கு நெஞ்சு நோவே இல்லாமல், சமிபாடின்மை போன்ற உணர்வுடன் மட்டும் மாரடைப்பு வரலாம். சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழாத கதைகளை எமது ஊர்களிலே கேட்டிருக்கின்றோம். இங்கே 000 என்ற இலக்கத்தை அழைப்பதே செய்ய வேண்டியது. பரிசோதித்துப் பார்த்து வெறும் வாய்வுதான் என்று வைத்தியசாலையில் திருப்பி அனுப்பினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயிற்றுப் பொருமலுக்குப் பாலும் ஒரு காரணமாகலாம். பாலிலுள்ள லக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பிளக்கும் நொதியம், தென்னாசியர் பலரிடத்திற் குழந்தைப்பருவம் கடந்தபின் குறைந்துவிடுகின்றது. தயிரிலும் மோரிலும் அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்னரே பிளந்துவிடுவதால் அவை பலருக்கு ஒத்துக்கொள்ளும். மலச்சிக்கலைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை: தீட்டிய வெள்ளரிசியும் குறைந்த நீரும் உட்கார்ந்த வாழ்வும் அதன் ஆபத்துக் காரணிகள். குரக்கன், பயறு, கீரை ஆகியவற்றை எமது சமையலில் முன்போலச் சேர்த்தாலே போதும். பாடசாலைக் கழிப்பறைக்குச் செல்லக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும்.

அஞ்சலில் வரும் உறை

மலத்துடன் இரத்தம் போவதைச் சூடு என்றும் மூலம் என்றும் கூறி, வெந்தயமும் இளநீரும் அருந்தி மறைத்துக்கொள்வோர் உளர். மூலமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பெருங்குடற் புற்றுநோயும் அவ்வாறே தொடங்கக்கூடும். கண்ணாற் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது. முதுமை, குடும்பத்தில் அந்நோய் வந்திருத்தல், புகைத்தல், மது, உடற்பருமன், நார்ப்பொருள் குறைந்த உணவு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை அதன் ஆபத்துக் காரணிகள். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைவிப்பது என 2015இல் வகைப்படுத்தப்பட்டது. பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியிலே நாளும் பன்றியிறைச்சித் துண்டும் சோசேச்சும் வைப்போர் இதனைச் சிந்திக்கலாம்.

இந்த நாட்டில் 2006ஆம் ஆண்டு முதல் தேசிய பெருங்குடற் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் நடைபெற்று வருகின்றது. 50 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைப் பொதி இலவசமாக அஞ்சலில் வரும். 2024 யூலை முதல் 45 முதல் 49 வயதினரும் கேட்டுப் பெறலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது கண்டறியும். தொடக்கத்திலேயே அறியப்பட்டால் பத்திற்கு ஒன்பது பேருக்கு மேல் இந்நோயைக் குணமாக்க முடியும். இரத்தம் உண்டு என்று முடிவு வந்தாலும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. குடலை உள்நோக்கிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவர். கண்ணுக்குத் தெரிய இரத்தம் போகின்றவர்களும், காரணமின்றி எடை குறைகின்றவர்களும், மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர்களும் இப்பொதிக்காகக் காத்திராமல் நேரே வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இவற்றைக் கூற நாணுவோர் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இத்தகைய பேச்சுக்குப் பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்குதல் இருவருக்குமே சங்கடமாகும்.

எம்மவர் வீடுகள் பலவற்றில் அந்த உறை மேசைமேற் கிடந்து, பின்னர் பழைய செய்தித்தாள்களோடு சென்றுவிடுகின்றது. அருவருப்பே அதற்குத் தடை. செய்முறை கடினமன்று: வெவ்வேறு இரண்டு மலங்களிலிருந்து சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் குழாய்களில் இட்டு மூடி, உடன்வந்த பையில் வைக்க வேண்டும். வெப்பத்தில் மாதிரி கெட்டுவிடுமாதலால் அனுப்பும்வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வர், உறைய வைக்கலாகாது. பாலும் மரக்கறியும் வைக்கும் இடத்தில் இதையா வைப்பது என்று பாட்டிமார் முகஞ்சுளிப்பர். குழாய் இறுக மூடியது, பை அடைத்தது; வேண்டுமாயின் இன்னொரு டப்பாவிலும் இட்டு மூலையில் வைக்கலாம். இரண்டாவது மாதிரியும் எடுத்தபின், படிவத்திலே கையொப்பமும் திகதியும் இட்டுத் தாமதியாமல் அஞ்சலிற் சேர்த்தால், முடிவு உங்களுக்கும் உங்கள் வைத்தியருக்கும் வந்து சேரும்.